நிக் ஸ்கெல்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக் வரும்போது மட்டும் குதிரைகள் தடை தாண்டுவதை டிவியில் பார்த்துவிட்டு, "யார் இவர், இந்த வயசிலும் இப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தக் கேள்வி நிக் ஸ்கெல்டனைப் பற்றித்தான் இருக்கும். கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த நிக் ஸ்கெல்டன்?

இங்கிலாந்தைச் சேர்ந்த ஷோ ஜம்பிங் வீரர். 1957 டிசம்பர் 30 அன்று வார்விக்‌ஷயர் பகுதியில் உள்ள பெட்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றபோது வயது 58. ஷோ ஜம்பிங்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் தனிநபர் தங்கம் அது. அதற்கு 16 வருஷம் முன்னால் கழுத்து எலும்பு முறிந்து, "இனி குதிரை ஏறவே கூடாது" என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிய மனிதர்.

செய்திகளில் எப்போதும் இந்த வயதும் கழுத்தும்தான் தலைப்பாகின்றன. என் அபிப்பிராயத்தில் அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வயதை விட்டுவிட்டுக் குதிரைகளை எண்ண வேண்டும். எந்த வருஷம் எந்தக் குதிரை கையில் இருந்தது என்று பார்த்தாலே, எப்போது ஜெயித்தார், எப்போது ஜெயிக்கவில்லை என்பது பாதி விளங்கிவிடும்.

ஷோ ஜம்பிங் என்றால் குதிரைப் பந்தயம்தானே?

இல்லை. பந்தயத்தில் எல்லாக் குதிரைகளும் ஒன்றாக ஓடும், முதலில் வருவது ஜெயிக்கும். ஷோ ஜம்பிங்கில் ஒரு நேரத்தில் ஒரு குதிரைதான் மைதானத்துக்குள் வரும். பத்துப் பன்னிரண்டு தடைகளை எண் வரிசைப்படி தாண்ட வேண்டும். பெரிய போட்டிகளில் தடையின் உயரம் 1.60 மீட்டர் வரை போகும். ஒரு கம்பு விழுந்தால் 4 பெனால்டி. குதிரை தடை முன்னால் நின்று மறுத்தாலும் 4. இரண்டாவது தடவை மறுத்தால் வெளியே. வீரர் கீழே விழுந்தாலும் வெளியே. குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அதற்கும் பெனால்டி உண்டு.

கம்புகளை இறுக்கிக் கட்டியிருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கிண்ணி போன்ற பிடியில் சும்மா வைத்திருப்பார்கள். குளம்பு லேசாக உரசினாலே உருண்டுவிடும். சில சமயம் பலமாகத் தட்டியும் கம்பு ஆடிவிட்டு அதே இடத்தில் நிற்கும், அது அன்றைய அதிர்ஷ்டம்.

இரண்டு பேரோ அதற்கு மேலோ சமமாக இருந்தால் ஜம்ப்-ஆஃப். தடைகளைக் குறைத்து வைத்து மீண்டும் ஓடச் சொல்வார்கள். இந்த முறை கம்பு விழக் கூடாது, நேரமும் குறைவாக இருக்க வேண்டும்.

ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் மோதுகிறார்கள் என்பது இந்த விளையாட்டின் இன்னொரு விசேஷம்.

குதிரைதானே தாண்டுகிறது? மேலே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

போட்டி தொடங்குமுன் வீரர்கள் எல்லாரும் பூட்ஸ் காலோடு மைதானத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடையிலிருந்து அடுத்த தடைவரை ஒரே சீராக அடி எடுத்து வைப்பார்கள், உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 3.6 மீட்டர். பழகிய மனிதரின் நாலு அடிக்கு அது சரியாக இருக்கும். ஒரு தடையைத் தாண்டி இறங்க இரண்டு அடி, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு அடி என்று தள்ளிவிட்டால், மீதி எத்தனை பாய்ச்சல் என்று தெரிந்துவிடும். இரண்டு தடைக்கு நடுவே 18 மீட்டர் இருந்தால் நாலு பாய்ச்சல்.

ஆனால் மைதானத்தில் தடைகளை அமைப்பவர் அவ்வளவு நல்லவராக இருக்க மாட்டார். வேண்டுமென்றே 19 மீட்டர் வைப்பார். நாலு பாய்ச்சல் என்றால் குதிரையை நீட்டி ஓட்ட வேண்டும், ஐந்து என்றால் நன்றாக அடக்க வேண்டும். நீட்டினால் குதிரையின் முதுகு தட்டையாகி, எழும்பும்போது பின்னங்கால் கம்பில் படும். அடக்கினால் வேகம் போய்விடும். இந்த முடிவைக் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஆள் முதல் தடையைத் தாண்டி இறங்குகிற அந்தக் கணத்திலேயே எடுத்துவிட வேண்டும். எடுத்த முடிவை ஐந்நூறு, அறுநூறு கிலோ எடையுள்ள ஒரு மிருகத்துக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். குதிரை எழும்பிய பிறகு அதன் முதுகைத் தொந்தரவு செய்யாமல், வாயை இழுக்காமல் கூடவே போவது மீதி வேலை.

ஸ்கெல்டனிடம் பலரும் வியந்தது இந்த விஷயத்தைத்தான். வேகமாகப் போகும்போதும் அவர் அவசரப்படுவதுபோல் தெரியாது. கை அநேகமாக அசையாது.

பணக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவரா?

கோடீஸ்வரக் குடும்பம் இல்லை, கஷ்டப்பட்ட குடும்பமும் இல்லை. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒன்றரை வயதில் ஆக்ஸோ என்ற வெல்ஷ் மலைக்குட்டிக் குதிரை மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பந்தய ஜாக்கியாக வேண்டும் என்பதுதான் முதல் ஆசை.

பதின்வயதில் பக்கத்திலேயே இருந்த டெட் எட்கர், லிஸ் எட்கர் தம்பதியின் லாயத்துக்குப் போனார். லிஸ் அந்தக் காலத்துப் பெரிய வீராங்கனை, உலக சாம்பியன் டேவிட் புரூமின் தங்கை. டெட் கறாரான ஆள். அங்கே போனவுடன் யாரும் பெரிய குதிரையைக் கையில் கொடுத்துவிடவில்லை. சாணி அள்ளுவது, சேணம் துடைப்பது, விடியுமுன் தீனி வைப்பது என்றுதான் தொடங்கியது. முரட்டுக் குதிரை, ஏறியவனைக் கீழே தள்ளும் குதிரை, தடையைக் கண்டால் நிற்கும் குதிரை எல்லாம் இந்தப் பையனிடம் வந்தன. பின்னாளில் எந்தக் குதிரை கிடைத்தாலும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும் திறமை அவருக்கு வந்ததென்றால் இந்த லாயத்தில்தான் வந்தது. 1975ல் ஐரோப்பிய ஜூனியர் போட்டியில் தனிநபர் தங்கம் வென்றார்.

உயரம் தாண்டியதில் ஏதோ சாதனை இருக்கிறதாமே?

ஆமாம். 1978 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் லாஸ்டிக் என்ற குதிரையில் 7 அடி 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது சுமார் 2.32 மீட்டர் தாண்டினார். பிரிட்டிஷ் சாதனை. அப்போது அவருக்கு 21 வயதுகூட முடியவில்லை.

2.32 மீட்டர் என்பது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், வீட்டில் வாசல் நிலையைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த உயரம் அந்த நிலைக்கும் மேலே போகும். தரையில் நிற்கும் குதிரைக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஏறியிருப்பவர் சொல்வதை நம்பித்தான் எழும்ப வேண்டும்.

உலக சாதனை இதைவிட அதிகம். 1949 பிப்ரவரி 5 அன்று சிலியின் வீன்யா டெல் மார் நகரில் ஆல்பர்ட்டோ லாராகிபெல் என்ற ராணுவ அதிகாரி ஹுவாசோ என்ற குதிரையில் 2.47 மீட்டர் தாண்டினார். இன்றுவரை யாராலும் அதை எட்ட முடியவில்லை.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததை எதிர்த்துப் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. பிரிட்டிஷ் வீரர்கள் பலர் போனார்கள், ஆனால் குதிரையேற்றச் சங்கம் அணியை அனுப்பவில்லை. பதிலுக்கு நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஒரு மாற்றுப் போட்டி நடந்தது. அதில் மேபி என்ற குதிரையில் ஏறி அணி வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக்குக்கு முதன்முதலில் போனது 1988 சியோலுக்குத்தான்.

எண்பதுகளில் அவர் எவ்வளவு பெரிய ஆள்?

ரொம்பப் பெரிய ஆள். ரியோவை மட்டும் தெரிந்தவர்கள் தவறவிடும் காலம் இது. 1985, 1987, 1989 என்று மூன்று ஐரோப்பிய சாம்பியன்ஷிப்களில் தொடர்ந்து அணித் தங்கம். 1986ல் ஜெர்மனியின் ஆகென் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தனிநபர் வெண்கலம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அணியில் ஜான் விட்டேக்கர், மைக்கேல் விட்டேக்கர் என்ற அண்ணன் தம்பியும் இருந்தார்கள். ஜானின் வெள்ளைக் குதிரை மில்டனுக்குச் சினிமா நட்சத்திரம் அளவுக்கு ரசிகர்கள்.

ஸ்கெல்டனிடம் இருந்தது அப்பல்லோ. மில்டன் மாதிரி அழகு கிடையாது, பெரிய உடம்பு, எதற்கும் அஞ்சாத மனசு. அந்த மனசுக்கு ஏற்ற மைதானம் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் உள்ள ஹிக்ஸ்டெட்.

அங்கே நடக்கும் ஹிக்ஸ்டெட் டெர்பி என்ற போட்டியைப் பற்றித் தனியாகவே சொல்லலாம். சாதாரண ஷோ ஜம்பிங் மாதிரி வண்ணக் கம்புகளோடு முடிவதில்லை. பாதியில் ஒரு மண்மேடு வரும். ஒரு பக்கம் ஏறி உச்சிக்குப் போனால், மறுபக்கம் 3 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. குதிரை உச்சி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கும். சில குதிரைகள் அங்கேயே திரும்பிவிடும். தைரியமானவை முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைக் கிட்டத்தட்ட மண்ணில் உரசியபடி சறுக்கி இறங்கும். இறங்கி மூச்சு விடுமுன் இரண்டே பாய்ச்சலில் ஒரு வெள்ளை வேலி. மேட்டில் இறங்கிய பயத்தில் குதிரை தலையைத் தூக்கினால் வேலி போச்சு. கம்பு விழாமல் முழுச் சுற்றை முடிப்பவர்கள் சில வருஷங்களில் ஒருவர்கூட இருப்பதில்லை.

இந்த டெர்பியை அவர் மூன்று வருஷம் வரிசையாக ஜெயித்தார். 1987ல் ஜே நிக் என்ற குதிரையில், 1988லும் 1989லும் அப்பல்லோவில்.

ஒரு சின்ன விஷயம்: பழைய பதிவுகளில் குதிரைகளின் பெயர்கள் விநோதமாக இருக்கும். எவரெஸ்ட் செயின்ட் ஜேம்ஸ், ராஃபிள்ஸ் அப்பல்லோ என்றெல்லாம். முன்னால் ஒட்டியிருப்பது ஸ்பான்சர் கம்பெனியின் பெயர். கம்பெனி மாறினால் குதிரையின் பெயரும் மாறும். ஒரே குதிரையை இரண்டு குதிரை என்று எண்ணிவிடாதீர்கள்.

1995ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் டாலர் கேர்ள் என்ற குதிரையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியையும் வென்றார்.

இந்தக் குதிரைகள் எல்லாம் அவருடையவையா?

அநேகமாக இல்லை. மேல்மட்ட ஷோ ஜம்பிங் குதிரையின் விலை பல கோடி ரூபாய். வீரருக்குத் திறமை இருக்கும், உரிமையாளருக்குப் பணம் இருக்கும். பரிசுத்தொகையில் பங்கு. உரிமையாளர் நினைத்தால் நாளைக்கே குதிரையை வேறு நாட்டுக்கு விற்றுவிடலாம். ஒரு வீரர் ஐந்து வருஷம் பாடுபட்டு வளர்த்த குதிரை ஒலிம்பிக் நெருங்கும் சமயத்தில் போட்டியாளரின் கைக்குப் போவது இந்த உலகத்தில் சாதாரணம். அதனால் நல்ல குதிரையைக் கண்டுபிடிப்பதைவிட, விற்காத உரிமையாளரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஸ்கெல்டனுக்கு அப்படி இரண்டு பேர் வாய்த்தார்கள். ஒருவர் ஜான் ஹேல்ஸ், டெலிடபீஸ் பொம்மைகள் விற்றுப் பணம் சம்பாதித்த பொம்மை வியாபாரி. இன்னொரு பக்கம் கேரி, பெவர்லி விட்டோசன் தம்பதி. அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

கழுத்து எப்படி முறிந்தது?

2000 செப்டம்பரில், செஷயர் பகுதியில் பார்க்கேட் என்ற இடத்தில் நடந்த ஒரு சாதாரணப் போட்டி. ஒலிம்பிக்கும் இல்லை, டெர்பியும் இல்லை. லாலிக் என்ற குதிரையிலிருந்து விழுந்தார், தலை முதலில் தரையில் பட்டது. கழுத்தில் இரண்டு இடத்தில் முறிவு. முறிந்தவற்றில் ஒன்று தலையைத் தாங்கும் முதல் எலும்பு. அந்த இடத்தில் அடிபட்டு உயிரோடு எழுந்ததே பெரிய விஷயம்.

தலையும் கழுத்தும் அசையாமல் இருக்கக் கவசம் மாட்டி மாதக்கணக்கில் இருந்தார். இன்னொரு முறை விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னதால் 2001ல் ஓய்வை அறிவித்தார். வயது 43. அந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு எப்படித் திரும்பி வந்தார்?

ஜெர்மனியில் ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, ஏறலாம் என்று சொன்னார். 2002ல் திரும்பினார்.

தைரியம், மன உறுதி என்று இதற்குப் பலர் விளக்கம் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் லாயத்தில் ஒரு குதிரை காத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜான் ஹேல்ஸுக்குச் சொந்தமான ஆர்கோ, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஜெர்மன் இனக் குதிரை. அது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அந்தக் குதிரையோடுதான் போனார். பதக்கம் கிடைக்கவில்லை. 2008 பெய்ஜிங்குக்கு வேறு குதிரை, அங்கேயும் இல்லை. அதுவரை ஐந்து ஒலிம்பிக், ஒரு பதக்கம்கூடக் கிடையாது.

2011ல் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதே வருஷம் மாட்ரிட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் வெண்கலம். இரண்டையும் ஒரே வருஷத்தில் செய்தவர் வேறு யாராவது இருந்தால் ஆச்சரியம்தான்.

பிக் ஸ்டார் அவ்வளவு நல்ல குதிரையா?

ஸ்கெல்டனைக் கேட்டால், தான் ஏறியதிலேயே சிறந்த குதிரை என்பார். 2003ல் பிறந்த செம்பழுப்பு நிற ஆண் குதிரை, நெதர்லாந்து இனம். அப்பன் பெயர் குவிக் ஸ்டார். இளம் குதிரையாக இருக்கும்போதே பார்த்துப் பிடித்துப்போய், விட்டோசன் தம்பதியை வாங்கச் சொன்னார். பிறகு எவ்வளவு பெரிய விலை வந்தபோதும் அவர்கள் விற்கவில்லை.

காயடிக்காத ஆண் குதிரையோடு போட்டிக்குப் போவது லேசுப்பட்ட காரியமல்ல. பக்கத்தில் பெட்டைக் குதிரை போனால் கவனம் கலையும், கனைக்கும், முன்னங்காலைத் தூக்கும். பிக் ஸ்டார் மைதானத்துக்குள் வந்தால் தடையை மட்டும் பார்க்கும். தடைக்கும் வயிற்றுக்கும் நடுவே அது விடுகிற இடைவெளியைப் பழைய வீடியோக்களில் நிறுத்திப் பாருங்கள், கம்பை இன்னும் ஓரடி உயர்த்தினாலும் போயிருக்கும் போலிருக்கும்.

குதிரையைப் பற்றிப் பேசும்போது மார்க் பீவரையும் சொல்லியாக வேண்டும். ஸ்கெல்டனிடம் 30 வருஷமாகக் குதிரைக்காரராக இருந்தவர். குதிரைக்கு எந்தக் காலில் லேசாகச் சூடு ஏறியிருக்கிறது என்று காலையில் தடவிப் பார்த்துச் சொல்கிறவர் இவர்தான். மெடல் இவருக்குக் கிடையாது.

லண்டன் 2012ல் என்ன நடந்தது?

கிரீனிச் பூங்காவில் அணிப் போட்டி. ஸ்கெல்டன், பென் மேஹர், ஸ்காட் பிராஷ், பீட்டர் சார்ல்ஸ். நெதர்லாந்தும் பிரிட்டனும் 8 பெனால்டியோடு சமம், ஜம்ப்-ஆஃப் வந்தது. கடைசியாக இறங்கிய பீட்டர் சார்ல்ஸ் கம்பு விழாமல் முடித்ததும் தங்கம் உறுதியானது. இந்தப் போட்டியில் பிரிட்டனுக்கு 1952க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு மொத்தமே ஒரு தங்கம்தான், அதுவும் கடைசி நாளில் இந்த ஷோ ஜம்பிங் அணி வாங்கியது.

இரண்டு நாள் கழித்துத் தனிநபர் இறுதி. அதுவரை எல்லாச் சுற்றுகளிலும் ஒரு கம்பைக்கூட விடாத ஒரே ஜோடியாக வந்த பிக் ஸ்டாரும் ஸ்கெல்டனும், கடைசிச் சுற்றில் ஒரே ஒரு கம்பைத் தட்டிவிட்டார்கள். அவ்வளவுதான். ஐந்தாவது இடம். தங்கம் சுவிட்சர்லாந்தின் ஸ்டீவ் கெர்டாவுக்கு.

ரியோவில் எப்படி ஜெயித்தார்?

முதலில் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். 2013ல் ஆகென் கிராண்ட் பிரீ என்ற பெரிய போட்டியை வென்ற கையோடு பிக் ஸ்டாருக்குக் காலில் காயம். குணமாகித் திரும்பியதும் மீண்டும் காயம். இரண்டு வருஷத்துக்கு மேல் பெரிய போட்டி எதுவும் கிடையாது. குதிரையை நடக்க வைப்பது, கொஞ்சம் ஓட வைப்பது, மீண்டும் நடக்க வைப்பது. இடையில் எந்தப் பெரிய பரிசுக்கும் ஆசைப்பட்டு அவசரமாக இறக்கவில்லை. என் கணக்கில் ரியோ தங்கம் ஜெயித்தது இந்த இரண்டு வருஷத்தில்தான்.

ரியோவில் அணிப் போட்டியில் பிரிட்டன் இறுதிவரைகூடப் போகவில்லை. 2016 ஆகஸ்ட் 19 அன்று டியோடோரோ மைதானத்தில் தனிநபர் இறுதி. இரண்டு சுற்று முடிந்தபோது ஆறு பேர் பெனால்டி இல்லாமல் சமம். ஸ்கெல்டன், ஸ்வீடனின் பேடர் பிரெட்ரிக்சன், கனடாவின் எரிக் லமேஸ், லண்டனில் ஜெயித்த ஸ்டீவ் கெர்டா, அமெரிக்காவின் கென்ட் ஃபாரிங்டன், கத்தாரின் ஷேக் அலி அல் தானி.

ஜம்ப்-ஆஃபில் ஸ்கெல்டன்தான் முதலில் இறங்க வேண்டும். எல்லாரும் வெறுக்கும் இடம் அது. பின்னால் வருபவருக்கு எந்த நேரத்தை முறியடிக்க வேண்டும் என்று தெரியும். முதலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போய்ப் பத்திரமாக முடித்தால் ஐந்து பேரில் ஒருவராவது முந்திவிடுவார். தலைதெறிக்கப் போனால் கம்பு விழும். அவர் தேர்ந்தெடுத்தது பயமுறுத்துகிற வேகம், ஆனால் முட்டாள்தனமான வேகமில்லை. கம்பு விழவில்லை, 42.82 வினாடி. அந்த நேரத்தைப் பார்த்த மற்ற ஐந்து பேருக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

அடுத்து வந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் கம்பை விட்டார்கள். லமேஸ் 42.09ல் முடித்தார், ஸ்கெல்டனைவிட வேகம், ஆனால் ஒரு கம்பு விழுந்துவிட்டது. அவருக்கு வெண்கலம். பிரெட்ரிக்சன் கம்பு விடாமல் முடித்தார், 43.35. அரை வினாடிக்குக் கொஞ்சம் கூடுதலான வித்தியாசத்தில் வெள்ளி. தன் வேலையை முடித்துவிட்டு மற்ற ஐந்து பேரையும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய நிலைமை ஸ்கெல்டனுக்கு. பதக்க மேடையில் அழுதுவிட்டார்.

58 வயதில் உடம்பு எப்படி ஒத்துழைத்தது?

முழுசாக ஒத்துழைக்கவில்லை. குதிரைமேல் ஏறுவதற்கே சின்னப் படி வைத்துத்தான் ஏறுவார். ஏறி உட்கார்ந்துவிட்டால் வயது தெரியாது. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் வேண்டிய நுரையீரல் பலம் இங்கே அவ்வளவு வேண்டியதில்லை. தூரத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம், சமநிலை, பதறாத கை, இவை வயதோடு குறைவதைவிட முதிர்வதுதான் அதிகம். இருந்தாலும் விழுந்தால் எலும்பு எலும்புதான், இருபது வயதுக்காரனுடையது போல் கூடாது.

குதிரைகளுக்கு இது கொடுமை இல்லையா?

நியாயமான கேள்வி. இந்த விளையாட்டின் வரலாறு சுத்தமானதல்ல. பயிற்சியில் குதிரை எழும்பும்போது கம்பைத் தூக்கிக் காலில் அடித்து, அடுத்த முறை இன்னும் உயரமாகத் தாண்ட வைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அது தடை செய்யப்பட்டிருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் சில குதிரைகளின் பரிசோதனையில் கேப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மிளகாய்க்குக் காரம் கொடுக்கிற அதே பொருள். காலில் தடவினால் தோல் எரியும், கம்பு பட்டால் இன்னும் வலிக்கும், அதனால் குதிரை பயந்து காலை உயரத் தூக்கும். வலிநிவாரணியாகவும் அதைப் பூசுவதுண்டு. எப்படியானாலும் விதிப்படி தப்பு. அதனால் நார்வே தன் அணி வெண்கலத்தையே இழந்தது. ஸ்கெல்டனுக்கு அதில் சம்பந்தமில்லை.

இப்போது போட்டிக்கு முன்னும் நடுவிலும் கால்நடை மருத்துவர்கள் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ரத்தம் தெரிந்தால் வெளியே. போதுமா என்றால், போதாது என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எப்போது ஓய்வு பெற்றார்?

2017 ஏப்ரலில் அறிவித்தார், மே மாதம் விண்ட்சர் அரண்மனை மைதானத்தில் நடந்த குதிரைக் காட்சியில் விடைபெற்றார். பிக் ஸ்டாரும் அன்றைக்கே ஓய்வு.

குடும்பத்தில் வேறு யாராவது குதிரையில் இருக்கிறார்களா?

எல்லாரும். மூத்த மகன் டேன் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர், இளையவன் ஹாரி ஜாக்கி. அப்பா சின்ன வயதில் ஆசைப்பட்ட தொழில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்று சொல்லலாம். ஹாரி 2020-21 சீசனில் பிரிட்டனின் சாம்பியன் ஜாக்கி. 2020ல் செல்ட்னமில் குவீன் மதர் சாம்பியன் சேஸ் பந்தயத்தை அவன் ஜெயித்த குதிரை பொலிட்டொலாக், அதன் உரிமையாளர் அதே ஜான் ஹேல்ஸ்.

துணைவி லாரா கிராட் அமெரிக்க அணியின் ஷோ ஜம்பிங் வீராங்கனை. 2008 பெய்ஜிங்கில் அவருக்கு அணித் தங்கம். அதாவது வீட்டில் ஒலிம்பிக் தங்கத்தை முதலில் கொண்டு வந்தவர் அவர்தான்.

ஸ்கெல்டனுக்குப் பிறகு பிரிட்டன் ஜெயித்திருக்கிறதா?

ஜெயித்திருக்கிறது. டோக்கியோவில், லண்டன் அணியில் கூட இருந்த பென் மேஹர் எக்ஸ்ப்ளோஷன் என்ற குதிரையில் தனிநபர் தங்கம் வாங்கினார். மீண்டும் ஆறு பேர் ஜம்ப்-ஆஃப். மீண்டும் வெள்ளி பேடர் பிரெட்ரிக்சனுக்கே, ரியோவில் ஏறிய அதே ஆல் இன் குதிரையில். இந்த முறை வித்தியாசம் 0.17 வினாடி. பாவம் அந்த மனிதர். அடுத்த சில நாட்களில் ஸ்வீடன் அணித் தங்கம் வாங்கியதால் அவர் கழுத்திலும் ஒரு தங்கம் ஏறியது என்பதுதான் ஆறுதல்.

2024 பாரிஸில் வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் அணித் தங்கம் மீண்டும் பிரிட்டனுக்கு. பென் மேஹர், ஸ்காட் பிராஷ், இவர்களோடு ஹாரி சார்ல்ஸ். லண்டனில் கடைசியாக இறங்கித் தங்கத்தை உறுதி செய்த பீட்டர் சார்ல்ஸின் மகன், லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் 13 வயதுப் பையன். பாரிஸில் வெள்ளி வாங்கியது அமெரிக்கா. அந்த அணியில் லாரா கிராட் இருந்தார், 58 வயதில்.